நிரை மாறி எடுத்த இலைகள்

நான் ஒரு பெண்ணின் வேலையைக் கெடுத்தேன். பிழை என்னுடையது என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது போதாதென்று, தேநீர் அறையில் எல்லோர் முன்னிலையிலும் அவருடைய பிறப்பைச் சுட்டி ஒரு பகிடி விட்டேன். அதற்கு முதலில் சிரித்தவனும் நானே.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் பணி அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டீர்கள். பெரிய கண்டுபிடிப்பு ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். என்னிடம் இருந்த சின்னக் கண்டுபிடிப்புகளை எல்லாம் பிரியாவிடை விருந்துகளில் பெருப்பித்துச் சொல்லித் தீர்த்துவிட்டேன். இதுவரை எந்த விருந்திலும் சொல்லாமல் மிஞ்சிக் கிடப்பது இது ஒன்றுதான்.

கதை கோதுமையில் தொடங்குகிறது. கண்டியில் கோதுமையா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். கப்பலில் கோதுமை மா வராவிட்டால் ஊர்ப் பேக்கரிகளில் பாண் இல்லை என்றிருந்த எழுபதுகள் அவை. பாணுக்காகக் கியூவில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள்; வீட்டில் கேட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் மேலிடத்தில் யாரோ ஒருவருக்கு, மலைநாட்டுக் குளிரில் கோதுமை விளையுமே என்று தோன்றிவிட்டது. பேராதனைக்கு அப்பால், கலஹா போகும் பாதையில், மலைச்சரிவில் ஒரு துண்டு நிலத்தை எங்களிடம் தந்தார்கள். நான் அப்போது இளம் ஆராய்ச்சி உத்தியோகத்தன். யாழ்ப்பாணத்துக்காரன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சூடு ஆறவில்லை. நான் வெளிநாட்டில் படித்தவன் என்பதை ஒருவரும் மறந்துவிடாதபடி நானே பார்த்துக்கொண்டேன்.

எனக்குத் தரப்பட்ட கேள்வி இதுதான்: மண்ணில் நைதரசன் கூடக் கூட, கோதுமை இலைக்குள் என்ன நடக்கிறது? உங்களுக்கு இது தெரிந்த விஷயம். ஆனால் இதை வாசிக்கப்போகிறவர்களில் கணக்குப் பிரிவுக்காரரும் இருப்பார்கள் என்று கேள்விப்பட்டதால், அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்கிறேன். வேர், மண்ணிலுள்ள நைதரசனைப் பெரும்பாலும் நைத்திரேற்றாக உறிஞ்சி இலைக்கு அனுப்புகிறது. அதை அப்படியே வைத்துக்கொண்டு பயிரால் ஒன்றும் செய்ய முடியாது. இலையை ஒரு கச்சேரி, ஒரு அரசாங்கக் கந்தோர் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நைத்திரேற்று என்பது வந்து குவியும் கோப்பு. அங்கே ஒரு நொதியம் இருக்கிறது. அதுதான் அங்கே எழுத்தர்களுக்கெல்லாம் தலைவரான பிரதம லிகிதர். அவர் முதல் கையொப்பம் வைத்தால்தான் கோப்பு அடுத்த மேசைக்குப் போகும். போய்ப்போய்க் கடைசியில் புரதமாகும். கோப்பு வராத கச்சேரியில் லிகிதர் மெலிந்துபோவார். அளவோடு வந்தால் உற்சாகமாக வேலை செய்வார். அவருக்கு இன்னொரு குணமும் உண்டு. வெயில் எறித்தால்தான் ஐயாவுக்கு வேலை ஓடும். மூடுபனி என்றால் கதிரையில் சாய்ந்துவிடுவார்.

இந்தக் கடைசி இரண்டு வசனங்களையும் நான் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவன். அதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

நொதியத்தின் வேகத்தை அளக்கும் வழி அழகானது. இலையை வெட்டி ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, நறுக்கி, கரைசலில் இட்டு இருட்டில் வைத்து, பிறகு நிறம் காட்டும் மருந்தைச் சேர்த்தால் குழாய் ரோசா நிறமாகும். லிகிதர் சுறுசுறுப்பாக இருந்த இலை கடும் ரோசா. தூங்கிவழிந்த இலை வெளிறல். இந்த நிறத்தை எடுத்துத் தருவது ஆய்வுகூட உதவியாளர் தெய்வானையின் வேலை.

தெய்வானை கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். அப்பாவும் அம்மாவும் தோட்டத்து ஆட்கள். குடியுரிமைப் பத்திரம் கிடைக்கவே அவர்களுக்குப் பாதி ஆயுள் போயிருந்தது. அது கிடைத்த பிறகு, அவர்களுடைய லயத்து வரிசை வீடுகளிலிருந்து அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள் தெய்வானைதான். நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. தகுதிகாண் காலம் முடிகிற தறுவாயில் இருந்தது. அதன் முடிவில் என்னுடைய அறிக்கை போகவேண்டும். அதில் நான் என்ன எழுதுகிறேனோ அதுதான் அவருடைய எதிர்காலம். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் அவர் என்னிடம் பணிந்து குழைந்ததில்லை. வாய் நிறையப் பதில் வைத்திருப்பார். நான் ஒருநாள் காலுறையை ஒன்றுக்கொன்று நிறம் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தபோது, “சேர், அதுலயும் சோதனை பண்றீங்களா?” என்று கேட்டவர்.

நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எவ்வளவு யூரியா என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானித்தோம். உரமே போடாத பாத்திக்கு அடையாளமாக வெள்ளை பூசிய மர முளை, நடுத்தர அளவுக்கு மஞ்சள் முளை, நிறையப் போட்டதற்குச் சிவப்பு முளை. வெள்ளையும் மஞ்சளும் சிவப்பும் சரிவு முழுக்கக் கலந்து கிடந்தன. ஏன் குலுக்கினோம் என்றால், ஈரம், நிழல், மண்ணின் ஆழம் எதுவும் ஒரு நிறத்துக்கு மட்டும் சாதகமாக அமைந்துவிடக் கூடாது என்று. இதுவும் பரீட்சையில் நான் புள்ளி வாங்கிய விடைதான்.

குலுக்கி நட்டவன், இலை பறிக்கும்போது ஒழுங்கானவனாக மாறிவிட்டேன். குழாய்கள் மாறிப்போகக் கூடாது என்ற கவனத்தில், முதலில் வெள்ளை முளைகளைத் தேடித் தேடி இலை எடுத்தேன், அவை முடிந்ததும் மஞ்சள், கடைசியாகச் சிவப்பு. சரிவில் மேலும் கீழுமாக நானும் தெய்வானையும் ஏறி இறங்குவோம். ஐஸ் பெட்டியை அவர் சுமப்பார். கிழக்குப் பக்கம் மலை. காலையில் நிலம் முழுக்க மூடுபனி மூடியிருக்கும். மலைக்கு மேலாக வெயில் எட்டிப் பார்க்க வெகுநேரமாகும். நாங்கள் பனிக்குள் தொடங்கி வெயிலில் முடிப்போம்.

உங்களில் சிலர் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். நல்லது. எனக்கு நிமிர ஒரு போகம் பிடித்தது.

முடிவுகள் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளை முளைக் குழாய்கள் வெளிறி நின்றன. மஞ்சள் கொஞ்சம் சிவந்திருந்தது. சிவப்பு முளை, கலியாணப் பெண்ணின் கன்னம்போல் இருந்தது. வரைதாளில் புள்ளிகளை இட்டுப் பார்த்தால் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேர்கோடு. யூரியா கூடக் கூட நொதியம் கூடுகிறது, எல்லையே இல்லை. பிரிவுத் தலைவர் சிங்களவர், நல்ல மனிதர், நிறங்களில் பிரியமுள்ளவர். குழாய்த் தாங்கியைத் தானே தூக்கிக்கொண்டு போய் வருகிற விருந்தினருக்கெல்லாம் காட்டினார். கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். கோதுமைக்கு யூரியாவைத் தாராளமாகப் போடலாம் என்று விவசாயிகளுக்குச் சிபாரிசு எழுதும் வேலை தொடங்கியது. எந்தத் தொழிலிலும் ஒரு விஷயம் அளவுக்கு மீறி அழகாக வந்தால் கொஞ்சம் பயப்படவேண்டும். எனக்கு அந்தப் பயம் வரவில்லை. என்னுடைய கெட்டித்தனத்துக்கு வேறு எப்படி வரும் என்றுதான் நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மைத்துனியின் கலியாணம். நான் யாழ்ப்பாணம் போகவேண்டியிருந்தது. அடுத்த முறை இலை எடுப்பதைத் தெய்வானையிடம் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து குழாய்களைப் பார்த்தால், நிறமெல்லாம் தாறுமாறாக இருந்தது.

“இதென்ன பிள்ளை? எல்லாம் கலந்துபோய்க் கிடக்குது.”

“கலக்கலைங்க சேர். இலக்கம் ஒட்டியிருக்கு, பாருங்க.”

“இலக்கம் சரி. சிவப்பு முளை வெளிறிக் கிடக்குது, வெள்ளை முளை ரோசாவா நிக்குது. நீர் எப்பிடி இலை எடுத்தனீர்?”

“நிரை பார்த்துத்தான். கீழ்ப்பக்கம் புடிச்சு மேல வரைக்கும், பாத்தி எப்படிக் கிடக்குதோ அப்படியே. நீங்க இருந்தா வெள்ளைக்கு ஒரு ஓட்டம், மஞ்சளுக்கு ஒரு ஓட்டம்னு மலையைச் சுத்தணும். நீங்கதான் இல்லையே. காலுக்கு லீவு குடுத்தேன்.”

தேயிலை மலையில் கொழுந்து எடுப்பவர்களுக்கு ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார்கள். அந்த வரிசையை விட்டு அடுத்ததற்குத் தாவக் கூடாது. வழியில் வரும் செடியை விட்டுவிட்டுப் போகவும் கூடாது. சின்ன வயதில் தெய்வானை அம்மாவோடு மலைக்குப் போய்ப் பார்த்துப் பழகிய முறை அது. அவர் அதில் ஒரு தத்துவத்தையும் கண்டு செய்யவில்லை. கால் வலிக்காது என்று செய்தார். நான் ஒழுங்கு என்று நினைத்தேன், அவர் சோம்பல் என்று நினைத்தார். சோம்பல் சரியாக இருந்தது. ஆனால் அன்று எங்கள் இருவருக்குமே அது தெரியாது.

கரைசலைப் பிழையாகக் கலந்திருப்பீர் என்றேன். இல்லை என்றார். குழாயைச் சரியாகக் கழுவியிருக்கமாட்டீர் என்றேன். வேண்டுமானால் இன்னொரு தடவை செய்து காட்டட்டுமா என்று கேட்டார். எனக்குப் பிறகு வந்தவள், அதுவும் நிரந்தரமாகாதவள், இப்படி நிமிர்ந்து கேட்கிறாளே என்று எரிச்சல் வந்தது. நேர்கோட்டைக் கொழும்புவரை அனுப்பியாகிவிட்டது. அதை வளைக்க ஒரு ஆய்வுகூட உதவியாளர் போதுமா?

அன்று தேநீர் அறையில் எங்கள் பிரிவு முழுக்க இருந்தது. தெய்வானையும் கடைசி வாங்கில் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். உர வகைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி ஒருவர், என்னுடைய ஊர்ப்பக்கத்தவர், என்ன ஐசே முகம் வாடியிருக்கிறது என்று கேட்டார். நான் சத்தமாகச் சொன்னேன்.

“கொழுந்து எடுக்கிற கையில குழாயைக் குடுத்தால் வேற என்ன நடக்கும்?”

சொல்லிவிட்டுச் சிரித்தேன். உர அதிகாரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இன்னும் சிலர் சிரித்தார்கள். தமிழ் விளங்காதவர்கள், எல்லோரும் சிரிக்கிறார்களே என்று சிரித்தார்கள். வாய்நிறையப் பதில் வைத்திருக்கும் பெண் ஒன்றும் சொல்லவில்லை என்பது அப்போது எனக்கு வெற்றியாகப்பட்டது. மிச்சத் தேநீரை ஊற்றிவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கிழமை முடிவதற்குள் அவருடைய தகுதிகாண் அறிக்கையை எழுதிப் பிரிவுத் தலைவரின் மேசையில் வைத்தேன். கைவேலையில் நம்பிக்கை வைக்க முடியாது என்ற கருத்தை நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். மற்ற விஷயங்களில் ஆள் நல்லவர் என்றும் சேர்த்திருந்தேன். இப்படிச் சேர்த்தால்தான் முதல் வசனம் ஆழமாக இறங்கும்.

பிறகுதான் அது நடந்தது. அவர் எடுத்த இலைகளின் பிழையை நிரூபித்துவிடவேண்டும் என்று நானே தனியாக நிலத்துக்குப் போனேன். பனி கனமாக இருந்தது. கீழ்ப்பக்கத்துச் சிவப்பு முளைப் பாத்தியில் இலை எடுத்தேன். அதற்குள் வெயில் மலையைத் தாண்டிச் சரிவின் மேல்பக்கத்தில் விழுந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அது என் காலடிக்கு வந்ததும், பரீட்சையில் நான் எழுதிய அந்த இரண்டு வசனங்களும் ஞாபகத்துக்கு வந்தன. வெயில் நன்றாக ஏறும்வரை காத்திருந்து அதே பாத்தியில் திரும்பவும் இலை எடுத்தேன். ஆய்வுகூடத்தில் இரண்டு குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே பாத்தி, ஒரே உரம், ஒரே நாள். ஒன்று வெளிறல், மற்றது ரோசா.

என் நேர்கோடு யூரியாவால் வந்தது கொஞ்சம்; வெயிலால் வந்தது மிச்சம். நான் வெள்ளை முளையை எப்போதும் பனியில் எடுத்தேன். சிவப்பு முளையை எப்போதும் வெயிலில் எடுத்தேன். தெய்வானை பாத்திகள் கிடந்த வரிசையில் போனதால் அவருடைய இலைகளில் வெயிலும் பனியும் எல்லா நிறத்துக்கும் கலந்து விழுந்திருந்தன.

அந்த இரண்டு குழாய்களையும் தொட்டியில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் நான் நின்று சொல்லவேண்டும். பிழை விட்டது எனக்குப் பெரிய வெட்கம் இல்லை; நீங்களும் விடுவீர்கள், இதைவிடப் பெரிதாகவும் விடுவீர்கள், உங்களைப் பார்த்தாலே தெரிகிறது. வெட்கம் என்னவென்றால், என் அறிக்கை அப்போதும் பிரிவுத் தலைவரின் மேசையில் கையொப்பமாகாமல் கிடந்தது. மூன்று கதவு தள்ளிப் போய், அதைத் திருப்பித் தாருங்கள் சேர், ஒரு திருத்தம் இருக்கிறது என்று கேட்டால் தந்திருப்பார். நான் போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்றும் நினைக்கவில்லை. அவர் கையொப்பமிடும்வரை அந்த விறாந்தைப் பக்கமே போகாமல் சுற்றுவழியில் நடந்தேன்.

தெய்வானையின் தகுதிகாண் காலத்தை நீட்டினார்கள். ஆய்வுகூடத்திலிருந்து எடுத்து, நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு விதைக் களஞ்சியத்துக்கு அனுப்பினார்கள். கலஹாவிலிருந்து அங்கே தினமும் போய்வர முடியாது. அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கினார் என்று கேள்விப்பட்டேன். நான் விசாரிக்கவில்லை; காதில் விழுந்தது.

அடுத்த போகத்தில் சில விவசாயிகள் எங்கள் சிபாரிசுப்படி கோதுமை போட்டார்கள். தாராளமாக யூரியா. இலை கரும்பச்சையாக, பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக வளர்ந்தது. பிறகு மழை வந்தது. தண்டு பலமில்லாமல் வளர்ந்த கோதுமை முழுவதும் பாய் விரித்ததுபோல் படுத்துவிட்டது. மணி பிடிக்கவில்லை. கச்சேரியில் கோப்பு கூரைவரை குவிந்தது. லிகிதரால் ஒரு அளவுக்கு மேல் முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

பிரிவுத் தலைவர் கூட்டம் வைத்தார். மேலிடத்துக்கு விளக்கம் கொடுக்கவேண்டும். விவசாயிகள் நாங்கள் சொன்னதைவிடக் கூடுதலாகப் போட்டிருப்பார்கள், அவர்களுக்கு அளவு தெரியாது என்று எழுதலாம் என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். மிகவும் வசதியான விளக்கம். எனக்கு அந்தக் குரல் முன்பே கேட்ட குரல்போல் இருந்தது. அது என்னுடைய குரல். பிழை வந்தால் கீழே இருக்கும் கையைக் காட்டு. ஒரு கையைக் காட்டிக்கொடுத்தது போதும் என்று தோன்றியது. எழுந்து நின்று, நேர்கோடு பிழை என்றும், இலை எடுத்த ஒழுங்கு என்னுடையது என்றும், தெய்வானையின் அளவீடுகள் சரி என்றும், அறிக்கை கையொப்பமாகும் முன்பே எனக்கு அது தெரியும் என்றும் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

நடந்ததைக் கேளுங்கள். பிரிவுத் தலைவர், இந்தக் காலத்தில் இப்படி நேர்மையாகப் பேசுகிற விஞ்ஞானியைக் காண்பது அரிது என்றார். கைகொடுத்தார். அடுத்த பதவி உயர்வில் என் பெயர் இருந்தது. தெய்வானையை மிதித்து ஒரு படி ஏறினேன். மிதித்ததை ஒப்புக்கொண்டு அடுத்த படி ஏறினேன். உத்தியோகம் என்பது எப்படிப்பட்ட ஏணி என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

தெய்வானையின் அறிக்கையைத் திருத்தி எழுதினேன். இந்தத் தடவை நல்ல ஆங்கிலம் தேவைப்படவில்லை. அவருடைய நியமனம் நிரந்தரமானது. ஆனால் புதுத் திகதியிலிருந்துதான். பழைய திகதிக்குக் கொண்டுபோகும்படி நான் எத்தனையோ கதவு தட்டினேன். விதியில் இடமில்லை என்றார்கள். அவரோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் சேவை முழுக்க அவருக்கு ஒரு படி மேலேயே இருந்தார்கள். ஓய்வு பெறும்வரை அப்படித்தான். அதை நான் திருத்தவில்லை, திருத்த முடியவில்லை.

நானே ரயில் நிலையத்தில் கோச்சி எடுத்து நாவலப்பிட்டிக்குப் போய், ஆய்வுகூடத்துக்குத் திரும்ப வரும்படி அவரைக் கேட்டேன். களஞ்சியத்தில் நெல் மூட்டைகளுக்கு நடுவில், ஈரத் துணியில் விதைகளைப் பரப்பி முளைப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பெரிய பேச்சுத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். கோச்சியில் இரண்டு முறை மனத்துக்குள் பேசிப் பார்த்துமிருந்தேன். அவர் வேலையை நிறுத்தாமல் முழுவதையும் கேட்டார்.

“எழுதினதை மாத்தி எழுதிட்டீங்க. சரிங்க சேர். சொன்னதை?”

துணியில் இன்னொரு விதையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

“ரிப்போட்டை நான் பார்க்கலை. இங்கிலீசுல இருந்திருக்கும். அது ஒங்களுக்கும் பெரியவருக்கும். தேத்தண்ணி ரூம்ல சொன்னதை நான் கேட்டேன். எல்லாரும் கேட்டாங்க.”

அவர் திரும்பி வந்தார். என்னை மன்னித்து வரவில்லை. கலஹாவுக்கு பஸ் இருக்கிறது, அம்மாவுக்குச் சுகமில்லை என்று வந்தார். வந்த முதல் நாளே தேநீர் நேரத்தில் நான் எழுந்து நின்றேன். தமிழில் சொன்னேன்: “அண்டைக்கு இந்த அறையில நான் தெய்வானையின்ர கையைப் பற்றி ஒரு பகிடி விட்டனான். அவவின்ர கையில பிழை இல்லை. பிழை என்ர ஒழுங்கில. பகிடி அதைவிடப் பெரிய பிழை.” பிறகு சிங்களத்திலும் சொன்னேன். என் சிங்களத்தில் அது இன்னும் பரிதாபமாக இருந்திருக்கும். யாரோ இருமினார். தேநீர் ஊற்றும் பண்டா, என்ன செய்வதென்று தெரியாமல், மாத்தயாவுக்கு இன்னும் கொஞ்சம் சீனி போடவா என்று கேட்டான்.

கடைசி வாங்கில் இருந்த தெய்வானை ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, உர அதிகாரி எங்கே என்று கேட்டார். அவர் ஓய்வு பெற்று, குண்டசாலையில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார் என்றேன்.

“அவருதான் ரொம்பச் சிரிச்சாரு” என்றார். வெளியே ஐஸ் பெட்டி காத்திருந்தது.

மாவுக் கப்பல்கள் ஒழுங்காக வரத் தொடங்கி, கோதுமைத் திட்டத்தில் யாருக்கும் அக்கறை இல்லாமல் போயிருந்தது. அதனால்தான் எங்களால் நிம்மதியாக ஒரு போகம் செய்ய முடிந்தது. இந்தத் தடவை வெயில் நன்றாக ஏறிய பிறகே இலை எடுத்தோம்; அதுவும் பாத்தி கிடந்த வரிசையில். நான் பழக்கதோஷத்தில் ஒரு பாத்தியை விட்டுவிட்டு அடுத்த சிவப்பு முளைக்குத் தாவினால், பின்னாலிருந்து குரல் வரும்: “சேர், நிரையை விட்டுட்டுப் போறீங்க. கங்காணி பேர் வெட்டிருவாரு, அன்னைக்குச் சம்பளம் இல்ல.” கோடு நேராக வரவில்லை. கொஞ்சம் ஏறி, நடுத்தர அளவில் சாய்ந்து, பிறகு தட்டையாகப் படுத்துவிட்டது. மண்ணில் அதற்குமேல் எவ்வளவு நைதரசன் கொட்டினாலும் இலை அதைப் புரதமாக்கவில்லை. சாற்றில் நைத்திரேற்றாகத் தேக்கி வைத்திருந்தது. அழகில்லாத கோடு. நான் கீறியவற்றில் நம்பக்கூடிய முதல் கோடு.

அந்தப் போகத்தின் நடுவில் ஒரு ஞாயிறு, குண்டசாலைக்குப் போனேன். ஓய்வு பெற்ற உர அதிகாரி விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதில் அவருக்கு உண்மையான சந்தோஷம். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை. எந்தத் தெய்வானை என்றார். விளக்கினேன். என்ன சொன்னனீர் என்றார். சொல்லித்தானே ஆகவேண்டும், அந்த வசனத்தைச் சொன்னேன்.

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“கொழுந்து எடுக்கிற கை! நல்லாச் சொல்லியிருக்கிறீர் ஐசே!” என்றவர், உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். “இஞ்சேரும், இதை ஒருக்கா வந்து கேளும்.”

நான் அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை ஆறுதல்படுத்தினார். ஒரு சின்னப் பகிடிக்கு இப்படி மனதை வருத்தக் கூடாது என்றார். அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்து, என்ன பகிடி என்று ஆவலோடு கேட்டு நின்றார். உர அதிகாரியே எடுத்துச் சொன்னார். மறந்துபோயிருந்த ஒன்றைப் புத்தம் புதிதாகக் கொண்டுபோய் இன்னொரு வீட்டில் நட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை நிலத்தில் தெய்வானையிடம் இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒரு தடவை சொல்லாமல் விட்டதன் விலை தெரிந்தவன் என்பதால் சொன்னேன். உர அதிகாரி சிரித்த விஷயத்தையும், மனைவியைக் கூப்பிட்ட விஷயத்தையும் சேர்த்துச் சொன்னேன். வெயில் மலையைத் தாண்டிச் சரிவின் மேல்பக்கத்தில் விழுந்திருந்தது. தெய்வானை அது கீழே இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரை விடுங்க சேர். இந்தத் தடவை நீங்க சிரிச்சீங்களா?”

இல்லை என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது உண்மைதானா என்று நிறம் பார்ப்பதுபோல் இருந்தது.

“அப்ப பெட்டியை நீங்க தூக்குங்க” என்றார்.

அன்றிலிருந்து, நான் மாற்றலாகிப் போகும்வரை, ஐஸ் பெட்டியை நான்தான் சுமந்தேன். அவர் முன்னால் நிரை பிடித்து நடந்தார்.